ரெசின் காய்கிற நேரம்

நாலு மணிக்குள் இது காய்ந்துவிட்டால் போதும். நாலுக்குக் காய்ந்தால் நாலரைக்குப் பலகையை உப்பங்கழியில் இறக்கிவிடலாம், கழியிலிருந்து முகத்துவாரம் இந்த எழுபத்து மூன்று வயதிலும் எனக்கு முந்நூறு துடுப்புதான், ஐந்து மணிக்குத் தெக்கலா வந்து வாசலில் நின்று தொபியாசண்ணே என்று கூப்பிடும்போது நான் கடலில் ஒரு கறுப்புப் புள்ளியாக இருப்பேன், ஆள் இல்லை என்று திரும்பிப் போவாள், முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக நவம்பர் ஒன்றாம் தேதி என் வாயிலிருந்து கதை வாங்காமல் திரும்பிப் போவாள். ஒரு குவளை ரெசினுக்கு ஒரு மூடி மருந்து என்பது கணக்கு, ஒன்றரை மூடி ஊற்றியிருக்கிறேன், சீக்கிரம் இறுகட்டும் என்று. வாடை மூக்கைக் குத்துகிறது. பூவரசு நிழலில் இரண்டு மீன்கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் பலகையை மல்லாத்திப் போட்டிருக்கிறேன், செத்த சுறா மாதிரி வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. வெள்ளைக்காரர்கள் இதன் முதுகில் ஒரு பாயை நட்டு, அந்தப் பாயைக் கட்டிப்பிடித்து நின்றபடியே காற்றில் ஓடுவார்கள். பாயும் போயிற்று, கம்பமும் போயிற்று, மூக்கு நசுங்கி, வயிற்றில் ஒரு முழத்துக்குக் கீறல் விழுந்து, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிற பிரிட்டோவின் கொட்டகைக்குப் பின்னால் ஆடு ஏறி நிற்கிற மேடையாகக் கிடந்தது. மாமா, இது செத்த பலகை, இதை வச்சு என்ன செய்யப் போறீரு என்றான். செத்ததை எழுப்புறதுதானவே நம்ம வேதம் என்றேன். சிரித்தான். நான் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள், அதுதான் என் வியாதி, இருதயம் முப்பது சதவீதம்தான் அடிக்கிறது என்று தூத்துக்குடி டாக்டர் சொன்னதை நான் ஊரில் சொன்னபோதும் சிரித்தார்கள், மிச்சம் எழுபதை எந்தப் பொம்பளைட்ட குடுத்தீரு என்று கேட்டார்கள்.

பத்து நாள் இதைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வைத்திருந்தேன், கீறல் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, பழைய உப்புத் தண்ணீர், எந்த ஊர்க் கடலோ. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கம்பம் நட்டிருந்த குழியில் போல்ட்டு ஒன்றை இறக்கிக் குறுக்குப் பலகை முடுக்கினேன், குறுக்குப் பலகையின் இரண்டு நுனியிலும் முளை, முளையில் கயிற்று வளையம், வளையத்துக்குள் துடுப்பு. நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வலித்தால் கட்டுமரம் மாதிரியே போகும். ஃபைபர் படகில் என்னை எவனும் ஏற்றமாட்டான், டாக்டர் சொன்னதை என் மருமகள் கரை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள், மாமாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனா கொலைக்கேசுதான் என்று. அவள் சொன்னால் நம்புகிறார்கள். ஆகவே பலகை. ஃபைபர் ஒட்டுகிற வேலையில் எனக்கு இருபது வருஷப் பழக்கம், இந்தக் கரையில் நான் ஒட்டாத படகு கிடையாது, திமிங்கிலம் கடித்து இரண்டாகப் போட்ட படகை ஒரே நாளில் ஒட்டி, மறுநாள் அதே திமிங்கிலத்தை அதே படகில் கட்டி இழுத்து வந்திருக்கிறேன். சரி, திமிங்கிலம் இல்லை, பாறை. யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பலகைக்கா, பலகை சிரிக்காது. கீறலுக்குள்ளே வெள்ளையாக, மணிமணியாக, தெர்மாகோல் மாதிரி ஏதோ அடைத்திருந்தது, அதன்மேல் ரெசினைக் கொட்டினேன், கண்ணாடி நாரைப் பரப்பினேன், மறுபடி கொட்டினேன், பழைய தூரிகையால் அமுக்கினேன். உள்ளேயிருந்து சிர்ர்ர் என்று ஒரு சத்தம், நெருப்பில் உப்புப் போட்ட மாதிரி. இறுகும்போது சூடேறும், சூடேறினால் சத்தம் வரும், வரட்டும்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மத்தியானமே கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டார்கள், காற்றில் சுண்ணாம்பு வாடையும் ரெசின் வாடையும் கலந்து வருகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு போயிருக்கும், தங்கள் வீட்டு மரித்தவர்களின் பெயரை எழுதிக் கோயிலில் கொடுத்தால் நாளைக் காலைப் பூசையில் சாமியார் ஒவ்வொரு பெயராக வாசிப்பார், பெயரை வாசிக்க வாசிக்க உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமங்கள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் என்று எங்கள் அம்மா சொல்வாள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர் ஒன்றுதான், அந்த வாசிப்பு ஒன்றுதான். இஞ்ஞாசியின் பெயரை முப்பத்தெட்டு வருஷமாக யாரும் வாசிக்கவில்லை. அவன் பெண்டாட்டி தெக்கலா சீட்டு எழுதுவதில்லை. என் வீட்டுக்காரர் சாகல, கப்பல்ல ஏறிப் போயிருக்காரு, உசுரோட இருக்கிற மனுசனுக்கு எதுக்குப் பூசை என்பாள். கப்பல் ஏறினதை எவன் பார்த்தான் என்றால், தொபியாசண்ணன் பார்த்தார். அதுதான் நான். கப்பல் வரவில்லை. சிவப்புக் கப்பலும் இல்லை, பச்சைக் கப்பலும் இல்லை. இஞ்ஞாசி தண்ணீரில் போய்விட்டான். இது தெரிந்த ஒரே ஆள் நான், என் முப்பது சதவீதமும் நின்றுபோனால் இஞ்ஞாசி செத்தான் என்று தெரிந்த ஒரு ஜீவனும் இந்த உலகத்தில் இருக்காது, அப்புறம் அவனுக்கு எந்தக் காலத்திலும் அந்த ஒரு மிடறு கிடையாது. அதற்குத்தான் இந்தப் பலகை. இடுப்பில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இரண்டு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வைத்திருக்கிறேன், அவனை விட்ட இடம் வரைக்கும் போக முடியாது, அது ரொம்பத் தூரம், முகத்துவாரத்துக்கு வெளியே கடல் நிறம் மாறுகிற இடம்வரை வலித்துப் போய் பலகையின் மூக்கில் கொளுத்தி வைத்துவிட்டு, இஞ்ஞாசி என்று நானே ஒருதரம் சத்தமாக வாசித்துவிட்டால், அது பூசை ஆகாதா, ஆகாதுதான், தெரியும், கடல் காற்றில் மெழுகுவர்த்தி நிற்குமா, நிற்காதுதான். தெக்கலா வீடு இங்கிருந்து பதினோராவது வீடு. கோயில் கொடிமரத்தைத் தாண்டினால் வாசல். கடலில் ஒரு மைல் வலித்துப் போகத் துணிந்தவனுக்குப் பதினோரு வீடு தாண்ட முடியவில்லை.

கை வைத்துப் பார்த்தேன், இன்னும் பிசுபிசுப்பு. மணி மூன்று பத்து. உபதேசியார் அருளப்பன் மொபெட்டில் வந்து நின்றான், மடியில் சீட்டுப் பை.

“என்னவே மாமா, நோவா பெட்டகமா?”

“ஆமாவே. ஜோடி ஜோடியா ஏத்துறேன். உமக்கு ஒரு ஜோடி இருந்தா கூட்டிட்டு வாரும், முன்னாடி இடம் போட்டு வைக்கேன்.”

நாற்பத்தைந்து வயதாகியும் அவனுக்குக் கல்யாணமாகவில்லை. சிரித்துக்கொண்டான், பாவம். “ஆறு மணிக்குள்ள சீட்டைக் குடுத்திரும். ஆறு அடிச்சா சாமியார் பட்டியலை மூடிருவாரு, அப்புறம் என்னைச் சொல்லப்பிடாது.”

போய்விட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவனிடம்தான் நான் இஞ்ஞாசி பெயரை எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். சீட்டை இரண்டு தரம் புரட்டிவிட்டு, அந்த அம்மா உசுரோட இருக்கையில நீரு எப்படிவே குடுப்பீரு, வீட்டு ஆளுதான் குடுக்கணும், அதுவும் அவரு கப்பல்ல இருக்காருன்னு சொன்னதே நீருதானே, இப்ப செத்துட்டாருன்னு எழுதுனா எதைவே நம்புறது என்றான். வேற ஆள் என்றால் சட்டென்று உண்மையைச் சொல்லியிருப்பான், நான், கப்பல்லயிருந்து தந்தி வந்துதுவே என்றேன். சிரித்தான். சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒருதரம் முட்டிபோட்டு, சுவாமி, ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன், என்ன பொய் என்றார், ஒரு கப்பல் என்றேன், எப்படிப்பட்ட கப்பல் என்று கேட்டுவிட்டார், கேட்டிருக்கக் கூடாது, நான் அடித்தட்டிலிருந்து ஆரம்பித்துக் கொடிவரைக்கும் சொன்னேன், வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார், கப்பல் நன்றாக இருந்தது என்பதற்காக.

எங்கிருந்து வந்தது அந்தக் கப்பல். நான் யோசித்துச் செய்ததில்லை. எண்பத்தாறு ஜூலை ஏழு, திங்கட்கிழமை விடியலில் போனோம், நானும் அவனும், மத்தியானத்துக்கு மேல் தெற்கேயிருந்து சோளக்காற்று திரும்பி அடித்தது, கட்டுமரத்தின் கட்டு அறுந்தால் அது மரமில்லை, நாலு கட்டை, மூன்று கட்டை மூன்று திசைக்குப் போயின, ஒன்று போகிற போக்கில் இஞ்ஞாசியின் தோளில் இடித்துவிட்டுப் போனது, மிஞ்சிய ஒரு கட்டையில் நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், அவனுக்கு ஒரு கை வேலை செய்யவில்லை, அந்த இன்னொரு கையின் மணிக்கட்டைக் கட்டைக்கு மேலாக நான் பிடித்துக்கொண்டேன். லேய், விட்டுராத என்றான். விடமாட்டேன்லே என்றேன். அவன் கை முடி என் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டிருந்தது. அதுக்கப்புறம். அதுக்கப்புறம் கப்பல் வந்தது, சிவப்புக் கப்பல், கம்பீரமாக, இல்லை, அதுக்கப்புறம் என்று வந்தாலே இந்த வாய் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறது, மனசுக்குள்ளே தனியாகப் பேசும்போதும் திரும்பிவிடுகிறது. அவன் தண்ணி, தண்ணி என்றான், சுற்றிலும் தண்ணீர். நான் கதை சொன்னேன். கதை சொல்லித்தான் அவனை முழித்திருக்க வைத்தேன், குளத்தில் தூண்டில் போட்டு யானையைப் பிடித்த கதை, பிஷப்பின் தொப்பிக்குள் கோழி முட்டையிட்ட கதை, அவன் உதடு வெடித்துச் சிரித்தான், ரத்தம் வந்தது. வெள்ளிக்கிழமை என்னைத் தெற்கத்தி வள்ளம் ஒன்று எடுத்துக் கரையில் போட்டபோது கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெக்கலா ஓடிவந்தாள், தலைக்குக் குளித்த ஈரத்தோடு, இடுப்பில் பிள்ளை, இருபத்தெட்டு வயசு, அவுக எங்கண்ணே என்றாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நீ மட்டும் எப்படி வந்தே என்பது ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. கப்பல் என்றேன். ஒரே ஒரு சொல். அது போதாதென்று மறுநாள் ஒரு நிறம் கேட்டாள், சிவப்பு என்றேன், ஏன் உம்மை ஏத்தல என்றாள், அலை என்னைத் தள்ளிவிட்டது என்றேன், பிறகு அந்தக் கப்பல் தன்னால் வளர ஆரம்பித்தது. ஒரு வருஷம் இஞ்ஞாசி அதில் சமையல்காரன். ஒரு வருஷம் கப்பலே விற்றுப்போய் அவன் ஏதோ துறைமுகத்தில் காகிதம் இல்லாமல் சிக்கிக்கொண்டான். அவள் அண்ணன்மார் வேறு கல்யாணத்துக்கு ஆள் பார்த்தார்கள், வயசுப் பொண்ணு, எத்தனை நாள் இப்படி என்று. புருசன் கப்பல்ல இருக்கையில எனக்கெதுக்கு இன்னொரு கல்யாணம் என்று அவள் கேட்டதை நானே காதால் கேட்டேன், வாசலில் நின்று. அந்த வருஷம் இஞ்ஞாசிக்கு அங்கே ஒரு பெண்டாட்டியைக் கட்டி வைத்துவிடலாம், கோபத்தில் மறந்துவிடுவாள் என்று ஒரு பெண்டாட்டியைத் தயார்செய்தேன், பூனைக் கண், தையல் மிஷின், எல்லாம் வைத்து. தெக்கலாவைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இஞ்ஞாசி அங்கே தினமும் உன் பேரைச் சொல்லி அழுகிறான் என்றேன். மகளைத் தனியாக வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள், மகள் குவைத்துக்குப் போனாள், தெக்கலாவின் கழுத்தில் தாலி கிடக்கிறது, தேய்ந்து.

சத்தம் நின்றுவிட்டது. சிர்ர்ர் என்றது இப்போது இல்லை. மணி நாலு அஞ்சு. மேலே தொட்டால் நகம் இறங்கவில்லை, கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது, பளபளக்கிறது, இருபது வருஷக் கைவேலை, எந்த முதலாளியிடமும் காட்டலாம். விரல் முட்டியால் தட்டினேன். டொம் என்றது. பக்கத்தில் தட்டினேன், டொம். நல்ல பலகை இப்படிப் பேசாது. கீறலுக்கு ஒரு முழம் தள்ளித் தட்டினேன், அங்கேயும் டொம். உள்ளங்கையை வைத்து அமுக்கினேன், இறுகின ரெசின் ஓட்டுக்குச் சுற்றிலும் இருந்த வெள்ளைத் தோல் பப்படம் மாதிரி உள்ளே போனது. அரிவாளை எடுத்து ஓட்டின் ஓரத்தில் கொடுத்து நெம்பினேன், பிளந்துகொண்டு வந்தது, உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளை மணிகள் எல்லாம் போய், டீயில் விழுந்த பிஸ்கோத்து மாதிரி உருகி அடியில் மஞ்சளாய்ப் பசை ஒட்டிக் கிடந்தது, ஒரு ஆள் குனிந்து தலையை விடுகிற அளவுக்குப் பொந்து. கீறலை அடைக்கக் கொட்டின ரெசின் பலகையைத் தின்றுவிட்டது. நாங்கள் ஒட்டுகிற படகில் மரமும் ஃபைபரும்தான், தெர்மாகோலில் இந்த ரெசினை ஊற்றக்கூடாது என்று இந்தக் கரையில் யாருக்குத் தெரியும், பிரிட்டோவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், கேட்கவில்லை, தொபியாசுக்கு ஃபைபர் வேலையில் யோசனை சொல்ல ஆள் வேண்டுமா. எவ்வளவு நேரம் நின்றேனோ. முதலில் சிரிப்பு வந்தது. தண்ணீரில் இறக்கியிருந்தால் முகத்துவாரத்தில் முதல் அலையில் நடு ஒடிந்திருக்கும், நான் போயிருப்பேன், இடுப்பில் மெழுகுவர்த்தியோடு, என் பெயரை வாசிக்கவாவது வீட்டில் ஆள் உண்டு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு கொடிமரத்துப் பக்கமிருந்து செருப்பு இழுத்து நடக்கிற சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம், கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தது.

“தொபியாசண்ணே. முன்னாடி நின்னு கூப்பிட்டுப் பாத்தேன், காதும் போச்சா?” கையில் காகிதப் பொட்டலம், வருஷா வருஷம் கதைக்குக் கூலியாகக் கொண்டுவருகிற வறுகடலை. பலகையைப் பார்த்தாள். “இதென்ன, மீனைக் கீறுனாப்புல கீறிப் போட்டிருக்கீரு?”

“ஒட்டப் பாத்தேன். உள்ள உருகிட்டு.”

“ஒட்டி எங்க போகப் போறீரு?”

“கடலுக்கு.”

“இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு. மருமவ சொன்னது சரிதான், ஒம்ம கால்ல சங்கிலிதான் போடணும்.” பூவரசு வேரில் உட்கார்ந்துகொண்டாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அறுபத்தாறு வயசு. பொட்டலத்தை நீட்டினாள். “கோயில்ல எல்லாப் பொம்பளைகளும் சீட்டு குடுக்க நிக்காளுவ. என்னையப் பாத்துப் பாத்துப் பேசுறாளுவ. பேசட்டும். நீரு சொல்லும். இந்த வருசம் அவுக எங்க இருக்காக?”

இந்த வருஷத்துக்கு ஒரு தீவு வைத்திருந்தேன். தீவில் ஒரு விளக்கு, விளக்கை ஏற்றுகிற வேலை இஞ்ஞாசிக்கு. வாயைத் திறந்தேன். தீவு வரவில்லை. கூம்பாகச் சுருட்டின பொட்டலத்தில் அச்செழுத்து தெரிந்தது, மரித்த விசுவாசிகளின் என்று பாதி, வளைந்து அந்தப் பக்கம் போனது மீதி. சீட்டைத்தான் சுருட்டிக் கடலை கொண்டுவந்திருக்கிறாள், அவளுக்கு வேறு எதற்கு அது. கடலையை என் வேட்டி மடியில் கொட்டினேன். காகிதத்தைப் பிரித்து, இறுகின ரெசின் ஓட்டின்மேல் வைத்து நீவினேன். காதில் சொருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்தேன்.

“என்ன எழுதுதீரு?”

பெயர் என்று போட்டிருந்த இடத்தில் எழுதினேன். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். எழுந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்தாள், உதடு அசைந்தது, இ, ஞ், ஞா. அங்கே நின்றுவிட்டது.

“கப்பலு?” என்றாள்.

“வரல தெக்கலா.”

“செவப்பா...”

“எந்தக் கப்பலும் வரல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன், அரிவாள் அங்கேதான் கிடந்தது. பலகையின் பொந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாலியை ஒரு கை பிடித்திருந்தது, பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. “முப்பத்தெட்டு வருசம்” என்றாள். “அந்த மனுசனுக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்ல விடலியே நீ.” என்னை அவள் நீ என்றது இதுதான் முதல் தடவை. பென்சிலைப் பிடித்த விரலில் ரெசின் ஒட்டிக் காய்ந்து தோலை இழுத்தது. சீட்டில் பெயருக்குக் கீழே இறந்த நாள் என்று போட்டுக் கோடு போட்டிருந்தார்கள், அந்தக் கோட்டில் பென்சில் நின்றுகொண்டிருந்தது.

“தேதி போடு.”

“தெரியாது.”

“தெரியாதா? கூடத்தானே இருந்தே?”

“எட்டா ஒம்பதான்னு தெரியாது.”

“அதெப்படி தெரியாமப் போகும்?”

“கையப் பிடிச்சிருந்தேன்” என்றேன். “கட்டைக்கு அந்தப் பக்கம் அவன். விடலை. அவனைத் தூங்கவிடக் கூடாதுன்னு கதை சொல்லிக்கிட்டே இருந்தேன். வெயிலு. நல்ல வெயிலு. கண்ண ஒருதரம் மூடித் தொறந்தேன். தொறக்கும்போதும் வெயிலுதான். அதே வெயிலா, மறுநாள் வெயிலா, தெரியல. கை மூடித்தான் இருந்துச்சு, உள்ள ஒண்ணுமில்ல. நான் தூங்கிட்டேன் தெக்கலா.”

கோயிலில் ஐந்தரை மணி அடித்தது. அவள் முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள். காகிதம் காற்றில் எழும்பியது, குனிந்து ஒரு ஓரத்தை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எட்டுன்னு போடு” என்றாள். “ஒம்பது வேண்டாம். ஒரு நாளு கம்மியாத் தவிச்சிருக்கட்டும்.”

எட்டு என்று போட்டேன்.